கை ஓங்குவதற்கு முன்னால் ஒரு மூச்சு

காலை ஏழே முக்கால் மணி. எட்டு மணிக்கு ஸ்கூல் வேன் வந்துவிடும். ஒரு அடுப்பில் சாதம் கொதிக்கிறது, இன்னொன்றில் புளிக்குழம்பு. "என் நீலச் சட்டை எங்கே?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். "பாலுக்காரன் வந்துட்டாம்மா" என்று திண்ணையிலிருந்து மாமியார் குரல். குக்கர் விசில். இந்தக் காட்சியை உங்களுக்கு விவரிக்க வேண்டியதே இல்லை. உங்கள் வீட்டிலும் இதே நாடகம்தான் தினமும் நடந்துகொண்டிருக்கும், வேஷம் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கும்.

அந்த நேரத்தில் என் சின்ன மகள், நாலாம் வகுப்பு படிக்கிறவள், "உப்பு நான் எடுத்துத் தரேம்மா" என்று ஸ்டூல் மேலே ஏறினாள். உதவி செய்யத்தான் ஏறினாள், பாவம். பீங்கான் ஜாடி கை நழுவிக் கீழே விழுந்து சுக்கு நூறானது. என் கல்யாணத்துக்கு அம்மா சீராகக் கொடுத்த ஜாடி அது. தரையெல்லாம் கல்லுப்பு. நான் யோசிக்கவே இல்லை. கன்னத்தில் ஒன்று, முதுகில் இரண்டு. குழந்தை சாப்பிடாமலேயே வேன் ஏறிப் போய்விட்டது.

இது பெரிய விஷயமா என்று சில சகோதரிகள் கேட்கலாம். நாமெல்லாம் அடி வாங்கித்தானே வளர்ந்தோம்? நானும் அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அன்று சாயங்காலம் நடந்ததை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ஸ்கூலிலிருந்து வந்த குழந்தைக்கு ஏதாவது கொடுக்கலாம் என்று, மேல் அலமாரியில் இருந்த முறுக்கு டப்பாவுக்காகக் கையைத் தூக்கினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழந்தை சட்டென்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டது.

முறுக்குக்காகத் தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. என் குழந்தைக்கு என் கையைப் பார்த்தாலே பயமா?

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் அதற்கு முன்னேயும் பல மாதமாகச் சரியான தூக்கம் கிடையாது. இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். சீட்டுப் பணம், பெரியவனின் காலேஜ் பீஸ், நாத்தனார் போன தீபாவளிக்குச் சொன்ன ஒரு வார்த்தை என்று எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். காலையில் எழுந்திருக்கும்போதே களைப்பு. அந்தக் களைப்பு பத்து மணிக்குள் கோபமாக மாறிவிடும். கோபம் யார் மேலே போகும்? வீட்டுக்காரர் மேலே போகாது, மாமியார் மேலேயும் போகாது. திருப்பிக் கேட்க முடியாத ஆள் மேலேதான் போகும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நான் இருப்பது வானூர். மன நிம்மதியைத் தேடி உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஜனங்கள் வந்து சேருகிற பிரதேசம் எங்களுடையது. ஸ்ரீ அரவிந்தர் 1910 ஏப்ரலில் பக்கத்துப் புதுச்சேரிக்கு வந்தார். 1926 நவம்பருக்குப் பிறகு வெளியே வராமல் யோகத்திலேயே இருந்துவிட்டார். எங்கள் தாலுகாவின் செம்மண் மேட்டில் 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கியது. 124 நாடுகளிலிருந்து கொண்டு வந்த மண்ணை அன்று ஒரே தாழியில் போட்டார்கள். சுவாமி கீதானந்த கிரி ஆனந்த ஆசிரமத்தை நிறுவியதும் அதே 1968இல்தான். அந்த ஆசிரமம் இப்போது கோட்டக்குப்பம் பக்கம் சின்ன முதலியார் சாவடியில் இருக்கிறது. வெள்ளைக்காரப் பெண்கள் பருத்திப் புடவை கட்டிக்கொண்டு சைக்கிளில் போவதைச் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன். இவர்களுக்கெல்லாம் என்ன குறை, எதற்காக இவ்வளவு தூரம் வருகிறார்கள் என்று நினைத்ததோடு சரி. கடலோரத்தில் இருக்கிறவர்கள் கடலில் குளிப்பதில்லை அல்லவா, அதுபோல.

ஒரு தடவை ஆரோவிலில் இருக்கிற மாத்ரிமந்திருக்குப் போயிருக்கிறேன். 1971இல் கட்ட ஆரம்பித்து 2008இல்தான் முடித்தார்களாம். மௌனமாக உட்கார ஒரு இடத்தை உண்டாக்க 37 வருஷம்! முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு, உறவுக்காரப் பெண்களோடு போனேன். உள்ளே வெள்ளைச் சலவைக்கல் மண்டபம். நடுவில் 70 சென்டிமீட்டர் அகலமுள்ள ஸ்படிகக் கோளம், அதன் மேலே சூரிய வெளிச்சம் ஒரே கோடாக இறங்குகிறது. பூ இல்லை, ஊதுபத்தி இல்லை, மந்திரம் இல்லை. ஊசி விழுந்தால் கேட்கும். நான் கண்ணை மூடினேன். மூடின மாத்திரத்தில் என் மனதில் வந்தது என்ன தெரியுமா? "காஸ் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேனா?" அங்கே இருந்த நேரம் முழுவதும் அந்த அடுப்பு என் மண்டைக்குள் எரிந்துகொண்டே இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அணைத்துத்தான் வைத்திருந்தேன்.

இடம் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் மண்டைக்குள் இருக்கிற சந்தைக் கடையையும் கூடவே தூக்கிக்கொண்டுதானே போகிறோம்?

முறுக்கு டப்பா சம்பவத்துக்கு அடுத்த வாரம் தலைவலி தாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பிளட் பிரஷர் பார்த்தார்கள். 150க்கு 100. "எத்தனை நாளாம்மா இப்படி?" என்று டாக்டரம்மா கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வருவோம், மாமியாரைக் கண்ணுக்குக் காட்ட வருவோம். நமக்காக எப்போது வந்தோம்? இன்னும் இரண்டு தடவை வெவ்வேறு நாளில் வரச் சொல்லி, அளந்து பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். உப்பைக் குறைக்கச் சொன்னார். ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சின்ன டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறதாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. என் மாமியார் வீடு மரக்காணம் பக்கம் உப்பள வேலை செய்த குடும்பம். எங்கள் வீட்டில் உப்பைக் குறைக்கச் சொன்னால் எப்படி?

கடைசியாக அந்த டாக்டரம்மா சொன்னதுதான் முக்கியம். "மாத்திரை ரத்தக் குழாயைப் பார்த்துக்கும். மனசை நீங்கதான் பார்த்துக்கணும். மூச்சுப் பயிற்சி கத்துக்குங்க."

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். புதுச்சேரிப் பக்கம் ஒரு ஆசிரமத்தில் யோகம் கற்றவர். சாயங்காலம் நாலு மணிக்கு, காசு வாங்காமல், பெண்களுக்கு மட்டும் சொல்லிக்கொடுப்பார். முதல் நாள் ஏழு பேர் போனோம். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததுதான் மிச்சம். ஒருத்திக்குப் புடவை தடுக்கியது, ஒருத்திக்கு முட்டி மடங்கவில்லை. சவாசனம் என்று படுக்க வைத்தார். ஐந்தாவது நிமிஷம் மூன்று பேர் குறட்டை. அதில் ஒரு குறட்டை என்னுடையதாம். "தூங்கட்டும், எத்தனை நாள் தூக்கம் பாக்கியோ" என்று டீச்சர் எழுப்பவே இல்லை. பகலில் யாரும் எழுப்பாமல் தூங்கியது என் கல்யாணத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஆசனங்களை அவர் அவசரப்படுத்தவில்லை. முதல் இரண்டு வாரம் மூச்சு மட்டும்தான். நாம் எங்கே மூச்சு விடுகிறோம் என்று பார்க்கச் சொன்னார். வயிற்றில் ஒரு கை, நெஞ்சில் ஒரு கை. எனக்கு நெஞ்சின் மேல் பாகம் மட்டும்தான் ஏறி இறங்கியது. ஓடி வந்த நாய் மாதிரி. கீதானந்தர் வழியில் மூச்சை மூன்று பாகமாகப் பிரித்துச் சொல்லித் தருவார்கள். முதலில் வயிறு, அப்புறம் விலாப் பக்கம், அப்புறம் தோள்பட்டைக்குக் கீழே. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பழகிய பிறகு மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, குடத்தில் தண்ணீர் நிரம்புகிற மாதிரி கீழேயிருந்து மேலே நிரப்ப வேண்டும். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. குழந்தை தூங்கும்போது பாருங்கள், வயிறுதான் ஏறி இறங்கும். நாம் அதை மறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்துப்போனது எளிமையான ஒரு கணக்கு. ஐந்து எண்ணும் வரை உள்ளே, ஐந்து எண்ணும் வரை வெளியே. ஒரு எண்ணுக்கு ஒரு விநாடி வைத்துக்கொண்டால் நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வரும். சும்மா இருக்கும்போது நாம் நிமிஷத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது வரை விடுகிறோம். இந்த ஆறு என்கிற கணக்குக்கு ஒரு சுவாரசியமான கதை உண்டு. இத்தாலி நாட்டில் லூசியானோ பெர்னார்டி என்கிற டாக்டரும் அவர் குழுவும் செய்த ஒரு ஆராய்ச்சி 2001இல் வெளியானது. கிறிஸ்தவர்கள் ஜெபமாலை உருட்டிச் சொல்கிற ஜெபத்தையும், யோக மந்திரம் ஒன்றையும் ஆட்களைச் சொல்ல வைத்து அளந்து பார்த்தார்கள். இரண்டிலுமே மூச்சு தானாக நிமிஷத்துக்கு ஆறு என்கிற அளவுக்கு இறங்கியது. இதயமும் ரத்த அழுத்தமும் அதற்கு இசைவாக நடந்தன. எங்கள் கடலோரத்தில் மாதா கோயிலில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருக்கிற பாட்டியும், பெருமாள் கோயிலில் நாமம் சொல்கிற பாட்டியும் ஒரே காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்!

மூச்சை இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கிறது, விடும்போது நிதானமாகிறது. மூளையிலிருந்து இதயத்துக்கும் குடலுக்கும் இறங்கி வருகிற வேகஸ் என்கிற நரம்பு இதைக் கவனித்துக்கொள்கிறது. மூச்சை நீட்டி விட விட, "ஆபத்து ஒன்றும் இல்லை" என்று உடம்புக்குத் தகவல் போகிறது. இதயத்தைப் பார்த்து "மெதுவாகத் துடி" என்று நாம் கட்டளை போட முடியாது. கோபத்தைப் பார்த்து "போ" என்றால் போகாது. ஆனால் மூச்சு நம் சொல் கேட்கும். வீட்டில் நம் சொல் கேட்கிற ஒரே ஆள் அதுதான் என்று டீச்சர் சொன்னதும் நாங்கள் ஏழு பேரும் சிரித்தோம்.

புதுச்சேரி ஜிப்மரில் யோக சிகிச்சைக்கென்றே 2008இல் ஒரு மையம் தொடங்கினார்கள். ரத்த அழுத்தம் இருக்கிறவர்களைப் படுக்க வைத்து, அ, உ, ம் என்று ஓசை எழுப்பி மூச்சை மெதுவாக விடுகிற பிரணவ பிராணாயாமத்தை ஐந்து நிமிஷம் செய்யச் சொல்லி அளந்ததில், அந்தக் கொஞ்ச நேரத்திலேயே மேல் அளவு குறைந்ததை அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நான் இன்றும் மாத்திரை சாப்பிடுகிறேன். நிறுத்துவதா, குறைப்பதா என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். கொடுக்க ஆள் இல்லை, வாங்க நேரம் இல்லை என்கிற சாக்கும் இப்போது செல்லாது. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தில் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன.

இரண்டு மாதம் ஆனதும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. தூக்கம் வருகிறது, தலைவலி இல்லை, குரல் இறங்கியிருக்கிறது. "என்னம்மா, சன்னியாசம் வாங்கப் போறியா?" என்று வீட்டுக்காரர்கூடக் கேலி செய்தார். அப்போதுதான் உறவில் ஒரு வளைகாப்பு. பந்தியில் எல்லோர் முன்னாலும் ஒரு அம்மாள், என் பெரியவனின் மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். நாலு பேர் சிரித்தார்கள். அவ்வளவுதான். மூச்சாவது, எண்ணிக்கையாவது! அந்த அம்மாளை அங்கே ஒன்றும் கேட்காமல் வாயை மூடிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி வாசலில் குறுக்கே போட்டதற்காகச் சின்னவளை அடித்துவிட்டேன்.

அடித்த மறுநிமிஷமே கை கூசியது. மறுநாள் வகுப்புக்குப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. இதெல்லாம் நமக்கு ஆகிற காரியம் இல்லை, படித்தவர்களுக்கும் சாமியார்களுக்கும் உள்ளது என்று முடிவே கட்டிவிட்டேன்.

நாலாம் நாள் டீச்சரே வீட்டுக்கு வந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, "இரும்பைக்குப் போயிருக்கியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

இரும்பை எங்கள் தாலுகாவிலேயே ஆரோவிலை ஒட்டி இருக்கிற ஊர். சம்பந்தர் பாடிய மாகாளேஸ்வரர் கோயில் அங்கே இருக்கிறது. அந்தக் கோயிலோடு சேர்த்துக் கடுவெளிச் சித்தரின் கதையை எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அரச மரத்தடியில் சித்தர் தவத்தில் உட்கார்ந்தார். அவருடைய தவத்தின் உஷ்ணத்தால் மழை பொய்த்துவிட்டது என்று ராஜா பயந்தார். தவத்தைக் கலைக்க வள்ளி என்கிற ஆடல் பெண் முன்வந்தாள். உதிர்ந்து விழுகிற அரச இலையைத்தான் சித்தர் சாப்பிடுவார். அவள் இலைக்குப் பதிலாக அப்பளத்தை வைத்தாள். நாளுக்கு நாள் அப்பளம் சாப்பிட்டுச் சித்தருக்கு உடம்பு தேறிக் கண் திறந்தது. மழையும் பெய்தது. ஊரே கொண்டாடி, கோயிலில் வள்ளியின் ஆட்டம் நடந்தது. ஆடும்போது அவள் காற்சிலம்பு கழன்று விழுந்தது. நடனம் தடைப்படக் கூடாதே என்று சித்தர் அதை எடுத்து அவள் காலில் மாட்டினார். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. சித்தருக்குக் கோபம் பொங்கியது. அந்தக் கோபத்தில் அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைக்குக் கருவறையில் இருந்த லிங்கமே மூன்றாகப் பிளந்ததாம். துண்டு தெறித்து விழுந்த இடமெல்லாம் புல்கூட முளைக்காத பொட்டல் ஆனது. ராஜா காலில் விழுந்து கெஞ்சியபோது, "சொன்னது சொன்னதுதான். ஆனால் தூர தேசத்து மனிதர்கள் வந்து இந்த மண்ணை மறுபடி பச்சையாக்குவார்கள்" என்றாராம். ஆரோவிலுக்கு வந்தவர்கள் லட்சக்கணக்கில் மரம் நட்டதை இந்தக் கதையோடு முடிச்சுப் போட்டு ஊரில் பேசுவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமையே நானும் மாமியாரும் போனோம். பிளந்த லிங்கத்தைச் செம்புத் தகட்டால் சேர்த்துக் கட்டி வைத்துப் பூஜை நடக்கிறது. கதை நடந்ததா இல்லையா என்கிற விவகாரத்துக்கு நான் வரவில்லை. எனக்கு உறைத்தது வேறு. ஊர் மழையையே நிறுத்துகிற அளவுக்குத் தவம் செய்தவர். நாலு பேர் சிரித்த சிரிப்பில் அவருக்கே எல்லாம் போயிற்று. நான் இரண்டு மாதம் பாயில் உட்கார்ந்தவள். பந்தியில் நாலு பேர் சிரித்ததற்கு எனக்கு மட்டும் என்ன?

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமியாரிடம் கேட்டேன். "அத்தை, உங்களுக்குக் கோபமே வராதா?" என்று. அவர் உப்பளத்தில் இருபத்தைந்து வருஷம் சும்மாடு வைத்து உப்புக் கூடை சுமந்தவர். விடிவதற்கு முன்னே போய்விடுவார்கள். வெயில் ஏறினால் வெள்ளை வெளேரென்ற உப்பிலிருந்து வருகிற கூச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாது, காலில் வெடிப்பு, வெடிப்பில் உப்புத் தண்ணீர். இப்போதும் வெளிச்சத்தைப் பார்த்தால் கண்ணைச் சுருக்கிக்கொள்வார்.

"கோவம் வராம எங்க போவும்?" என்றார். "ஒரு தடவ பங்குனியில உப்பு நல்லா பூத்து நிக்குது. நாளைக்கு வாரணும். ராத்திரி திடீர்னு மழ. அத்தினியும் தண்ணியா போச்சு. உங்க மாமா மானத்தப் பாத்து மண்ணத் தூத்துனாரு. நானு அழுதேன். அப்புறம் என்னா பண்றது? தண்ணிய வடிச்சிட்டு, பாத்திய மறுபடி மிதிச்சோம்."

பாத்தியை மிதிப்பது என்றால் வெளியூர்ச் சகோதரிகளுக்குத் தெரியாது. மழைக்காலம் முடிந்ததும் உப்புப் பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்குவார்கள். தரை கெட்டியாக இருந்தால்தான் உப்புத் தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கும், உப்பும் சேறு கலக்காமல் வெள்ளையாக வரும். ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி, கார்த்திகை மழை அதைக் கெடுக்கும். ஒவ்வொரு வருஷமும் மறுபடி மிதிப்பார்கள். போன வருஷம் மிதித்தோமே என்று சொல்லிக்கொண்டு யாரும் உட்கார்ந்துவிடுவதில்லை.

மறுநாள் நாலு மணிக்கு நான் வகுப்பில் இருந்தேன்.

வீட்டில் இதற்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நானும் முதலில் விடியற்காலை நாலரைக்கு எழுந்து முயற்சி செய்தேன். பகலெல்லாம் கொட்டாவி வந்ததுதான் பலன். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு செய்கிற யோகம் யோகமே இல்லை என்பது என் அபிப்பிராயம். இப்போது பிள்ளைகள் போனபிறகு, காலைச் சாப்பாட்டுக்கு முன்னால், பதினைந்து நிமிஷம். சாப்பிட்டிருந்தால் மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பாய் இல்லாவிட்டால் பழைய ஜமக்காளம் போதும். செல்போன் அடுத்த அறையில். கை காலை நீட்டி மடக்கி, கழுத்து, தோள் எல்லாம் மெதுவாகச் சுழற்றி, பிறகு பத்து நிமிஷம் மூச்சு. கடைசியில் காதைப் பெருவிரலால் மூடிக்கொண்டு வண்டு மாதிரி ரீங்காரம் செய்கிற பிராமரி, ஐந்தாறு முறை. இரவில் விழிப்பு வந்தால், படுத்தபடியே மூச்சை எண்ணுவேன். பெரும்பாலும் முப்பதைத் தாண்டுவதில்லை.

எண்ணும்போது மனது ஓடத்தான் செய்யும். மூன்றாவது மூச்சிலேயே மாவரைக்க வேண்டுமே என்று போய்விடும். ஓடியது தெரிந்ததும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஓடியதற்காகத் திட்டிக்கொள்ளக் கூடாது. எண்ணமே வராமல் இருப்பதுதான் தியானம் என்று நினைத்துக்கொண்டுதான் மாத்ரிமந்திரில் அந்த அடுப்போடு அவ்வளவு நேரம் சண்டை போட்டேன்.

மூச்சை உள்ளே கட்டி நிறுத்துகிற கும்பகத்தை மட்டும் புத்தகத்தைப் பார்த்தோ செல்போனைப் பார்த்தோ செய்யாதீர்கள். பதினாறு எண்ணி இழுத்து, அறுபத்து நாலு எண்ணி நிறுத்தி, முப்பத்திரண்டு எண்ணி விடுகிற கணக்கைத் திருமூலர் சொல்லியிருக்கிறார். அது குரு பக்கத்தில் இருந்து வருஷக்கணக்கில் பழகியவர்களுக்கு. பிரஷர் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மூச்சை நிறுத்துவதும், வயிற்றைச் சொடுக்கி மூச்சைத் தள்ளுகிற கபாலபாதியும், தலைகீழாக நிற்பதும் கூடாது. வயிற்றில் குழந்தை இருக்கும்போது குப்புறப் படுத்துச் செய்கிற ஆசனமும் கூடாது. ஆபரேஷன் செய்து குழந்தை பெற்றவர்கள் டாக்டர் அனுமதித்த பிறகுதான் வயிற்றுக்கு வேலை கொடுக்க வேண்டும். மெதுவாக மூச்சை இழுத்து விடுவது மட்டும் யாருக்கும் கெடுதல் செய்யாது. முட்டி வலி உள்ளவர்கள் வஜ்ராசனத்தில் உட்கார்ந்து வீரம் காட்ட வேண்டாம், நாற்காலி போதும். ஆளுக்குத் தகுந்த யோகம்தான் வேண்டும் என்று சென்னையில் கிருஷ்ணமாச்சாரியாரும் அவர் மகன் தேசிகாச்சாரும் வாழ்நாளெல்லாம் சொன்னார்கள். மைசூரில் இருந்த நாளிலேயே, 1930களில், கிருஷ்ணமாச்சாரியார் ஒரு வெளிநாட்டுப் பெண்ணைச் சிஷ்யையாக ஏற்றுக்கொண்டு கற்றுக்கொடுத்தவர். இந்திரா தேவி என்று பெயர் வைத்துக்கொண்ட அந்த அம்மாள் பிறகு உலகமெல்லாம் யோகம் பரப்பினார்.

இளம் தாய்மார்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு காரணமே இல்லாமல் அழுகை வருவது பலருக்கு உண்டு. சில நாளில் அது தானே தெளிந்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், குழந்தையைத் தூக்கவே மனம் வராவிட்டால், வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், அது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. அது வைத்தியம் பார்க்க வேண்டிய நோய். மூச்சை எண்ணு, தியானம் செய் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள். 14416 என்கிற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. மாமியார்கள் இதைப் படித்தால் தயவு செய்து மருமகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எங்கள் வகுப்புக்கு வந்த ஏழு பேரில் ஒருத்தி, கணவன் குடித்துவிட்டு வந்து அடிக்கிறவன். "பொறுமையா இருக்க ஏதாச்சும் பயிற்சி சொல்லிக் குடுங்கக்கா" என்று டீச்சரிடம் கேட்டாள். டீச்சருக்கு வந்த கோபத்தை நான் அன்றுதான் பார்த்தேன். "அடி வாங்கறதுக்குப் பயிற்சி கிடையாதுடி" என்று சொல்லி, 181 என்கிற பெண்கள் உதவி எண்ணை அவள் கையிலேயே பேனாவால் எழுதிவிட்டார். அமைதி, அமைதி என்று பெண்களிடம் மட்டும் சொல்வது நம் ஊர் ஆண்களுக்கு வசதியான காரியம். வீட்டில் ஒருவர் மட்டும் நிதானமாக இருந்து என்ன பிரயோஜனம்?

ஆகவே எங்கள் வீட்டுக்காரரையும் இழுத்துப் பார்த்தேன். நெசவு செய்கிற குடும்பத்தில் 1911இல் கூடுவாஞ்சேரியில் பிறந்து, குடும்பஸ்தராகவே இருந்து மனவளக்கலையைச் சொல்லிக்கொடுத்த வேதாத்திரி மகரிஷியைப் பற்றிச் சொன்னேன். தம் மனைவி லோகாம்பாள் பிறந்த ஆகஸ்ட் 30ஆம் தேதியை மனைவி நல வேட்பு நாள் என்று வைத்து, கணவன்மார்கள் மனைவிக்கு நன்றி சொல்ல ஏற்பாடு செய்தவர் அவர். "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டார். ஆகஸ்ட் 30 வந்தது. மல்லிகைப்பூ இரண்டு முழம் வாங்கி வந்து, யாரும் பார்க்காத நேரத்தில் பிரிட்ஜில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மூச்சுப் பயிற்சிக்கு இன்னும் வரவில்லை. ஆனால் நீலச் சட்டையை அவரே தேடிக்கொள்கிறார்.

நான் மாறிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். குரல் இப்போதும் உயர்கிறது. போன மாதம்கூட ஒரு நாள் கை ஓங்கினேன். ஓங்கிய கை காற்றில் இருக்கும்போதே மூச்சு ஞாபகத்துக்கு வந்தது. நீளமாக விட்டேன். கை இறங்கி அவள் தலை மேலே போய் உட்கார்ந்தது. அவளும் திருதிருவென்று விழித்தாள், நானும் விழித்தேன்.

புது உப்பு ஜாடி வாங்கவில்லை. பிளாஸ்டிக் டப்பாதான், அதுவும் கீழ் அலமாரியில், அவள் கைக்கு எட்டுகிற இடத்தில். முறுக்கு டப்பா மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் அவள் அடுப்படித் தரையில் உட்கார்ந்து வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு நேர் மேலே கையைத் தூக்கி டப்பாவை எடுத்தேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மீதி மூணு வருதும்மா, சரியா?" என்று கேட்டுவிட்டு, இடது கையை மட்டும் முறுக்குக்காக நீட்டினாள்.